புதுசா ஒரு ஃப்ளேவர் வந்தா ஏன் கை தானா போகுது? பாக்கெட்டுக்குள்ள இருக்கிற கணக்கு

சாயங்காலம் ஐந்தரை மணி. ஓ.எம்.ஆரில் ஏதோ ஒரு ஐ.டி. வளாகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை. டீ சொல்லிவிட்டு நிற்கும்போது கண் மேலே போகிறது. சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் போன வாரம் இல்லாத ஒரு நிறம்.

"அண்ணா, அது என்ன புதுசா?"

"நேத்துதான் வந்துச்சு. ஏதோ கொரியன் காரமாம். எடுத்துப் பாருங்க, இருபது ரூபாதான்."

எடுத்தாச்சு. டீ வருவதற்குள் பிரித்தும் ஆச்சு. ஆளுக்கு ரெண்டு சிப்ஸ். ஒருத்தர் முகம் சுளிக்கிறார், இன்னொருத்தர் "பரவால்லப்பா, சாப்பிடலாம்" என்கிறார், மூன்றாவது ஆள் பாக்கெட்டை ஸ்டோரியில் போட்டுவிட்டார். அடுத்த மாதம் அதே இடத்தில் வேறொரு பாக்கெட் தொங்கும். இந்தப் பாக்கெட் எங்கே போச்சு என்று யாரும் கேட்கப் போவதில்லை.

தர்பூசணி சோடா, நீல நிற கூல்டிரிங்ஸ், சீஸ் தூள் தூவிய முறுக்கு, வசாபி வேர்க்கடலை என்று புதுசு புதுசாக வந்துகொண்டே இருக்கின்றன. இவை எப்படித் தயாராகின்றன, ஏன் வந்த வேகத்தில் காணாமல் போகின்றன, எந்த இடத்தில் விளையாட்டு வினையாகிறது?

நாக்குக்கு சீக்கிரம் போரடிக்கும்

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சாம்பார் முடிந்து, வத்தக்குழம்பு முடிந்து, ரசமும் முடிந்தபோது "போதும்பா, வயிறு ஃபுல்" என்று கையை ஆட்டிய அதே ஆள், பாயசம் வந்ததும் இலையை சரி பண்ணிக்கொள்வார். வயிற்றில் திடீரென்று இடம் முளைக்கவில்லை. சலித்துப் போனது அந்த உப்பு, புளி, காரச் சுவைதான். இனிப்புக்கு இன்னும் சலிப்பு வரவில்லை.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'சென்சரி ஸ்பெசிஃபிக் சடைட்டி'. பார்பரா ரோல்ஸ் உள்ளிட்டவர்கள் 1980-களின் தொடக்கத்தில் இதை ஆய்வு செய்து எழுதினார்கள். ஒரே உணவைச் சாப்பிடச் சாப்பிட அதன் மீதான ஆசை மட்டும் குறையும். வேறு சுவை, வேறு நிறம், வேறு மொறுமொறுப்பு வந்தால் ஆசை திரும்ப எழும். பஃபேயில் எப்போதும் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிடுவதும் இதனால்தான். ஒரு கம்பெனியின் சிப்ஸ் உங்களுக்கு அலுத்துப் போவதற்குள், அதே கம்பெனியே இன்னொரு நிறப் பாக்கெட்டோடு வந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு நேர் எதிரான குணமும் நம்மிடம் இருக்கிறது. எதையும் தின்னக்கூடிய விலங்குக்கு, புதிய உணவு என்றால் ஆசையும் வரும், பயமும் வரும். புது சத்தாகவும் இருக்கலாம், விஷமாகவும் இருக்கலாம் அல்லவா? அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் இந்த இழுபறியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அதனால்தான் வெற்றிபெறும் 'புது' ஃப்ளேவர்கள் பெரும்பாலும் பாதிதான் புதுசு. தெரிந்த சிப்ஸ் மேல் தெரியாத மசாலா, இல்லையென்றால் தெரியாத கொரியன் நூடுல்ஸில் நமக்குப் பழகிய காரம். ரெண்டுமே தெரியாததாக இருந்தால் கை பின்வாங்கிவிடும்.

சிப்ஸ் அதேதான், தூள்தான் வேற

உருளைக்கிழங்கு சிப்ஸ் ரொம்ப காலம் உப்போடு மட்டும்தான் விற்றது. 1950-களில் அயர்லாந்தில் 'டேட்டோ' என்ற கம்பெனியைத் தொடங்கிய ஜோ மர்ஃபி, சீஸும் வெங்காயமும் கலந்த தூளைத் தூவி விற்க ஆரம்பித்தார். இன்று உலகம் முழுக்கத் தொங்கும் அத்தனை ஃப்ளேவர் சரங்களுக்கும் அந்தக் காலத்து வேலைதான் பிள்ளையார் சுழி.

அடிப்படை முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. கிழங்கைக் கழுவி, தோல் உரித்து, சீவி, பொரித்து, ஒரு சுழலும் டிரம்முக்குள் விடுவார்கள். அங்கேதான் மசாலாத் தூள் மேலே விழும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே தூள் ஒட்டிக்கொள்ளும். டிரம் வரைக்கும் எல்லா ஃப்ளேவருக்கும் ஒரே பாதைதான். புது ஃப்ளேவர் கொண்டுவர புது ஃபேக்டரி தேவையில்லை. தூளை மாற்றினால் போதும், பாக்கெட்டில் அச்சடிக்கும் டிசைனை மாற்றினால் போதும். மாதத்துக்கு ஒன்று வருவதன் ரகசியம் இவ்வளவுதான்.

தூள் எங்கிருந்து வருகிறது? பல நேரங்களில் சிப்ஸ் கம்பெனியிடமிருந்தே இல்லை. சுவிட்சர்லாந்தின் ஜிவாடன், ஜெர்மனியின் சிம்ரைஸ் மாதிரி சுவைக்கும் வாசனைக்கும் என்றே பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. 'தந்தூரி', 'பார்பிக்யூ', 'மாங்காய்' என்று கேட்டால் அதற்கேற்ற கலவையைச் செய்து கொடுப்பார்கள். பாக்கெட் முன்பக்கம் பெரிய மாங்காய் படம் இருக்கும். பின்பக்கம் பார்த்தால் சர்க்கரை, உப்பு, மிளகாய்த் தூள், புளிப்புக்கு 330 என்ற எண், அதாவது சிட்ரிக் அமிலம். மாங்காய்த் தூள் இருந்தாலும் பட்டியலில் கீழே எங்கேயோ இருக்கும்.

அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு ஜோடி 627, 631. இவை உமாமி எனப்படும் ருசியைத் தூக்கிக் கொடுக்கும் பொருட்கள். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடல்பாசிக் குழம்பிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். குளூட்டமேட்டோடு 627, 631 சேர்ந்தால் அந்த ருசி பல மடங்கு ஆகும். தக்காளி, சீஸ், சோயா சாஸ் ஆகியவற்றில் குளூட்டமேட் இயல்பாகவே இருப்பதால், அந்தத் தூள்களோடு கொஞ்சம் சேர்த்தாலே வேலை நடக்கும். "ஒண்ணோட நிறுத்த முடியல" என்று நாம் சொல்வதில் இந்த எண்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இந்த எண்களைப் பார்த்தாலே விஷம் என்று அலறும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளை நம்ப வேண்டியதில்லை, இவை அனுமதிக்கப்பட்ட பொருட்கள்தான். நம்மை அதிகமாகச் சாப்பிட வைக்கின்றன என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஜப்பான்காரர்களின் விளையாட்டு

விசித்திர ஃப்ளேவர்களுக்குத் தலைநகர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் அது ஜப்பான்தான். அங்கே கிட்கேட் 300-க்கும் மேற்பட்ட சுவைகளில் வந்திருக்கிறது. க்ரீன் டீ, வசாபி, சோயா சாஸ் எல்லாம் அதில் அடக்கம். 'கிட்டோ கட்சு' என்றால் ஜப்பானிய மொழியில் 'நிச்சயம் ஜெயிப்பாய்' என்று பொருள் வரும். பெயர் ஒலி ஒத்துப்போனதால் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளுக்கு கிட்கேட் கொடுப்பது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஊர்விட்டு ஊர் போனால் அந்த ஊர்த் தின்பண்டம் வாங்கிவந்து ஆபீஸில் கொடுக்கும் பழக்கமும் உண்டு. நம்ம ஊரில் திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு வாங்கி வருவது மாதிரி. ஒவ்வொரு பகுதிக்கும் தனி கிட்கேட் என்ற யோசனை அந்தப் பழக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

2007 கோடையில் அங்கே பெப்சி வெள்ளரிக்காய் சுவையில் வந்தது. பச்சை நிறம், பெயர் 'ஐஸ் குகும்பர்'. அப்புறம் ஷிசோ இலை, அசுகி எனப்படும் சிவப்புப் பயறு என்று அடுத்தடுத்து வந்தன. எதுவும் காலத்துக்கும் விற்க வேண்டும் என்று வந்தவை இல்லை. சீசன் முடிந்தால் காலி. 'இப்ப விட்டா கிடைக்காது' என்ற அவசரம்தான் அங்கே விற்கப்படும் உண்மையான சரக்கு.

2 லட்சம் பேர் ருசி பார்த்தும் தோற்ற கதை

எல்லாப் புதுசும் ஜெயிப்பதில்லை. இதில் பெரிய பாடம் 1985-ல் கோகோ கோலாவுக்குக் கிடைத்தது. பெப்சியோடு போட்டி. கிட்டத்தட்ட 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லி, இன்னும் இனிப்பான புது ஃபார்முலா ஒன்றைத் தயாரித்தார்கள். சோதனையில் அது நன்றாகவே ஜெயித்தது. ஏப்ரல் 23 அன்று அறிவித்து, பழைய கோக்கை நிறுத்தினார்கள். மக்கள் கொதித்துவிட்டார்கள். கம்பெனிக்கு ஃபோன், கடிதம், புகார். 79 நாளில் பழைய கோக் 'கிளாசிக்' என்ற பெயரில் திரும்பி வந்தது.

சோதனையில் ஜெயித்தது சந்தையில் ஏன் தோற்றது? ஒரு காரணமாகச் சொல்லப்படுவது, ஒரு மடக்கு வேறு, ஒரு பாட்டில் வேறு என்பது. சின்ன கப்பில் ஒரு மடக்கு குடிக்கும்போது இனிப்பானதுதான் பிடிக்கும். முழு பாட்டிலும் குடித்தால் அதே இனிப்பு திகட்டும். இன்னொரு காரணம், பழையதைப் பிடுங்கிக்கொண்டு புதியதை நீட்டியது. பக்கத்திலேயே ரெண்டும் இருந்திருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது. அதற்கு அப்புறம் பெரிய கம்பெனிகள் பழைய சுவையை நிறுத்தாமல், பக்கத்தில் இன்னொன்றை வைத்து ஆழம் பார்ப்பதுதான் வழக்கம். அப்படி வைத்தாலும் நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை. 2024 பிப்ரவரியில் 'நிரந்தரமாக' என்று சொல்லி அமெரிக்காவில் வந்த ராஸ்பெர்ரி வாசனையுள்ள 'கோகோ கோலா ஸ்பைஸ்ட்', அதே செப்டம்பரில் நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் நடப்பது கொஞ்சம் வேற மாதிரி. இங்கே பழசே புதுசாகத் திரும்பி வருகிறது. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவொன்டோவை, 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டு கூல்டிரிங்ஸ் விற்கமாட்டோம் என்று அறிவித்தபோது, ஒரு தலைமுறை புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி வாங்கிக் குடித்தது. காம்பா கோலாவை 2023-ல் ரிலையன்ஸ் மறுபடி இறக்கியது. 1870-களில் இங்கிலாந்துக்காரர் ஹைரம் காட் கண்டுபிடித்த கோலி பாட்டில், ஊரெல்லாம் மறைந்து இப்போது கஃபேக்களில் ப்ளூபெர்ரி சுவையோடு நிற்கிறது. பன்னீர் சோடாவை 'ரோஸ் ஸ்பார்க்ளர்' என்று மெனுவில் போட்டு விலையை ஏற்றுவதைத்தான் கொஞ்சம் மன்னிக்க முடியவில்லை.

விளையாட்டு வினையாகும் இடம்

காரம் உண்மையில் ஒரு சுவையே இல்லை, அது வலி. மிளகாயில் உள்ள கேப்சைசின், நாக்கில் சூட்டை உணரும் ஒரு வாங்கியைத் தூண்டுகிறது. கிட்டத்தட்ட 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் எழும் அதே எரிச்சல் சிக்னல் மூளைக்குப் போகும். இந்த வாங்கியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பகிர்ந்தளிக்கப்பட்டது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. அதனால் காரம் ஏறினால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. பால், தயிர், மோர்தான் கேட்கும். பாட்டிகளுக்கு நோபல் கொடுக்காமலே இது தெரிந்திருந்தது.

வலி என்று தெரிந்தும் ஏன் சாப்பிடுகிறோம்? ஆபத்தில்லாத ஆபத்தை ரசிக்கிறோம் என்பது ரோசினின் விளக்கம். ராட்டினத்தில் ஏறிக் கத்துவது மாதிரி. பிரச்சினை, ராட்டினத்துக்கு பெல்ட் உண்டு.

அமெரிக்காவில் 'பாக்கி' என்ற கம்பெனி, சவப்பெட்டி வடிவ டப்பாவில் ஒரே ஒரு சிப்ஸ் வைத்து விற்றது. கரோலினா ரீப்பர், நாகா வைப்பர் மிளகாய்கள் சேர்த்தது. அதைத் தின்றுவிட்டு எவ்வளவு நேரம் தண்ணீர் குடிக்காமல் தாங்குகிறீர்கள் என்பதுதான் சவால். பெரியவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. 2023 செப்டம்பரில் மசாசூசெட்ஸ் மாகாணத்தில் 14 வயது மாணவர் ஒருவர் அதைச் சாப்பிட்ட அன்றே இறந்துபோனார். கம்பெனி உடனே கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அதிக அளவு கேப்சைசின் உள்ள பொருளை உட்கொண்ட நிலையில் இதயம் நின்றது என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. அவருக்கு இதயம் பெரிதாகி இருந்ததும், பிறவியிலேயே ஒரு இதயக் குறை இருந்ததும் அதில்தான் தெரியவந்தது.

2024 ஜூனில் டென்மார்க், தென்கொரியாவின் சாம்யாங் நிறுவனத்தின் புல்டாக் நூடுல்ஸில் மூன்று ரகங்களைத் திரும்பப் பெறச் சொன்னது. கேப்சைசின் அளவு அதிகம், குழந்தைகளுக்கு ஆபத்து என்பது காரணம். அடுத்த மாதம் மறுகணக்குப் போட்டு ரெண்டு ரகங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதிகக் காரமான '3 மடங்கு' ரகத்துக்கு மட்டும் தடை தொடர்ந்தது. அந்த நூடுல்ஸ் இங்கே சூப்பர் மார்க்கெட்டுகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதில் காரத்தை மட்டும் பார்க்கிறோம், உப்பைப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல கொரியன் நூடுல்ஸ் பாக்கெட்டுகளில் ஒன்றிலேயே 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும்.

நம்ம ஊரிலேயே உதாரணங்கள் உண்டு. பஞ்சு மிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருப்பது தெரிந்து, 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் தடை போட்டன. அதே ஏப்ரலில், வாயில் போட்டால் புகை வரும் 'ஸ்மோக் பிஸ்கட்' பற்றி தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. அதில் ஊற்றப்படும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் இருப்பது. முழுசாக ஆவியாகாமல் உள்ளே போனால் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கிவிடும். ரீல்ஸுக்கு நல்ல காட்சி என்பதற்காகக் குழந்தை கையில் கொடுக்கும் பொருள் இல்லை அது.

முன்பக்கம் பழம், பின்பக்கம் என்ன?

இந்திய விதிப்படி, பாக்கெட்டில் எது அதிகம் இருக்கிறதோ அது பட்டியலில் முதலில் வர வேண்டும். முதல் மூன்று பெயரைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். அடுத்தது 'ஒரு சர்விங்' என்ற தந்திரம். 20 கிராமுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள், கையில் இருப்பது 50 கிராம் பாக்கெட். 100 கிராமுக்கான கட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் சுலபம்.

கூல்டிரிங்ஸுக்கு இன்னும் சுலபமான கணக்கு இருக்கிறது. ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்பட்ட சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. சாதாரண கோலாவில் 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு 250 மி.லி. பாட்டிலோடு அன்றைய கோட்டா முடிந்தது. காலையில் குடித்த காபியின் சர்க்கரை தனி.

பழச்சாறு என்று நினைத்து வாங்குவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜி.எஸ்.டி. மாற்றத்தில், கேஸ் இல்லாத பழரச பானத்துக்கு 5 சதவீத வரி. அதிலேயே கேஸ் ஏற்றிவிட்டால் 40 சதவீதம். வரிக்கு கேஸ்தான் கணக்கு, சர்க்கரை இல்லை. ரெண்டிலும் சர்க்கரை ஒரே அளவு இருந்தாலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கும்.

மருந்துக் கடை ஷெல்ஃபிலும் இந்தக் குழப்பம் இருந்தது. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொண்டு இனிப்பு பானங்கள் விற்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளூக்கோஸ்தான். வயிற்றுப்போக்கில் கிடக்கும் குழந்தைக்கு அதைவிடப் பல மடங்கு சர்க்கரையுள்ள பானத்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் இதை எதிர்த்துப் பேசினார். 2025 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்தப் பெயரைப் பயன்படுத்தும் அனுமதியை ரத்து செய்தது.

கடைசியாக எனர்ஜி டிரிங்க். முன்பு விலை உயர்ந்த கேனில் மட்டும் கிடைத்தது, இப்போது 20 ரூபாய் பாட்டிலில் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. ஒரு லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம் என்பது இந்திய விதி. நைட் ஷிஃப்ட் பார்க்கும் பெரியவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 400 மில்லிகிராம் வரை பிரச்சினை இல்லை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். ஆக, 30 கிலோ எடையுள்ள பையனுக்கு 90 மில்லிகிராம். உச்ச வரம்பில் கஃபீன் இருக்கும் 250 மி.லி. பாட்டில் ஒன்றில் 75 மில்லிகிராம் வரும். மேட்ச் விளையாடிவிட்டு தாகத்துக்கு இன்னொரு பாட்டில் குடித்தால் 150.

போலந்தில் 2024 ஜனவரி முதல் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதை விற்கக்கூடாது. இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழே தடை கொண்டுவர 2025 செப்டம்பரில் அரசு கருத்து கேட்டது. இங்கே நாடு முழுக்க அப்படி ஒரு வயது வரம்பு இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்ததல்ல, ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்ற வரி மட்டும் லேபிளில் இருக்க வேண்டும். கடைக்காரர் அதைப் படித்துக் காட்டுவதில்லை. அந்தப் பாட்டில் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் தட்டு பல கடைகளில் எட்டு வயசுப் பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.